கடற்பஞ்சுக்குள் குடியேறிய பாக்டீரியா: ஜீனோமில் எது போகிறது, எது வருகிறது

கடற்பஞ்சு என்பது பாக்டீரியாவைத் தின்று வாழும் விலங்கு. உடம்பெங்கும் துளைகள். உள்ளறைகளில் இருக்கும் கழுத்துப்பட்டைச் செல்கள் சவுக்கு இழையை அடித்து அடித்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு கிலோ பஞ்சு நாளொன்றுக்கு 24,000 லிட்டர் வரை கடல்நீரை வடிகட்டும் என்று சொல்வார்கள். அது உச்ச அளவு. எல்லா இனமும் அவ்வளவு இழுப்பதில்லை. நீரோடு வரும் நுண்ணுயிர்களை இந்தச் செல்கள் பிடித்து, நடு அடுக்கில் அமீபா மாதிரி ஊர்ந்து திரியும் செல்களிடம் தள்ளும். அவை விழுங்கிச் செரித்துவிடும்.

அதே நடு அடுக்கில், அந்த விழுங்கும் செல்களுக்குப் பக்கத்திலேயே, பாக்டீரியா அடர்ந்த இனங்களில் கிராமுக்கு 10 கோடியிலிருந்து 1000 கோடி வரை பாக்டீரியா உயிரோடு குடியிருக்கின்றன. சில பஞ்சுகளின் நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாக்டீரியாதான். இன்னொரு வகைப் பஞ்சுகளில் எண்ணிக்கை கிராமுக்குச் சில லட்சம் அளவில்தான், ஏறக்குறைய சுற்றியுள்ள கடல்நீர் அளவில், இருக்கும். கீழே சொல்வதில் பெரும்பகுதி முதல் வகையைப் பற்றியது.

இப்படிப் பஞ்சோடு சேர்ந்து வாழும் கூட்டுயிரிகளின் ஜீனோமைப் (மொத்த டி.என்.ஏ. தொகுப்பைப்) பற்றிப் பேச்செடுத்தாலே, "உள்ளே குடியேறியதும் ஜீனோம் சுருங்கிவிடும்" என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். பூச்சிகளின் செல்லுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் கூட்டுயிரிகளுக்கு அது சரி. பஞ்சுக்கு அதை அப்படியே தூக்கிப் போடுவது தவறு என்பது என் கருத்து. இங்கே பெரும்பாலான கூட்டுயிரிகள் செல்லுக்கு வெளியே, நூற்றுக்கணக்கான வேறு இனங்களோடு, ஓயாமல் உள்ளே வரும் கடல்நீருக்குப் பக்கத்தில் வாழ்கின்றன. அவற்றுக்கு நெருக்கடி இரண்டு: பஞ்சு தின்றுவிடக்கூடாது, நீரோடு வரும் வைரஸ் கொன்றுவிடக்கூடாது. ஜீனோமில் தெரியும் மாற்றங்களில் பெரும்பகுதியை இந்த இரண்டையும் வைத்தே வாசித்துவிடலாம். அளவு சுருங்குவது சில பரம்பரைகளில் மட்டும் நடக்கும் தனிக்கதை.

பஞ்சு ஆள் பார்த்துத்தான் தின்கிறது என்பதற்கு நேரடிச் சோதனை உண்டு. மத்தியதரைக் கடலில் வளரும் அப்லிசினா ஏரோஃபோபா என்ற மஞ்சள் பஞ்சுக்குக் கடல்நீர் பாக்டீரியாவைக் கொடுத்தபோது, ஒரு கிராம் பஞ்சு ஒரு மணி நேரத்தில் சுமார் 27 லட்சத்தைப் பிடித்துக்கொண்டது. அதே பஞ்சிலிருந்து பிரித்தெடுத்த கூட்டுயிரிகளைத் திருப்பிக் கொடுத்தபோது 54 ஆயிரத்துக்குள் நின்றுவிட்டது. ஐம்பது மடங்கு வித்தியாசம். 2007-இல் வெளியான இந்த முடிவு ஜீனோம் ஆட்களுக்கு ஒரு தெளிவான வேலையைக் கொடுத்தது: அந்த ஐம்பது மடங்கை உண்டாக்கும் ஜீன் எது?

விழுங்கலைத் தடுக்கும் புரதங்கள்

பஞ்சுக் கூட்டுயிரிகளை அவற்றின் சுதந்திரமாக வாழும் உறவினர்களோடு ஒப்பிட்டால், திரும்பத் திரும்பத் தூக்கலாகத் தெரிவது விலங்குச் செல்களில் காணப்படும் பாணியிலான புரதங்கள்: ஆங்கைரின் மடிப்பு கொண்டவை, டெட்ராட்ரைகோபெப்டைடு மடிப்பு கொண்டவை, லியூசின் மிகுந்த மடிப்புகள், ஃபைப்ரோநெக்டின் துண்டுகள். சிட்னிக்கு அருகே வளரும் சிம்பாஸ்டெலா கான்சென்ட்ரிகா பஞ்சின் மெட்டாஜீனோமை (உள்ளே வாழும் எல்லா நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.வையும் ஒன்றாகப் படித்ததை) கடல்நீரோடு ஒப்பிட்ட 2010 ஆய்விலேயே இது வந்துவிட்டது. பிறகு வேறு வேறு கடல்களில், வேறு வேறு பஞ்சுகளில், உறவே இல்லாத பாக்டீரியா தொகுதிகளிலும் இதே கதைதான்.

ஆங்கைரினைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு மடிப்பு சுமார் 33 அமினோ அமிலம். இரண்டு சுருள்கள், அவற்றை இணைக்கும் ஒரு வளைவு. இந்த அலகு ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கி வைத்த தட்டுகள் போல, ஐந்து பத்து என்று வரும். அடுக்கின் உட்புறப் பள்ளம் வேறொரு புரதத்தைப் பற்றிக்கொள்ளும். நொதி வேலை எதுவும் கிடையாது, ஒட்டுவது மட்டும்தான். விலங்குச் செல்லுக்குள் புரதத்தோடு புரதம் பேசுவதற்கு இது சகஜமான கருவி. பாக்டீரியாவில் அரிது, அப்படி இருந்தால் அது பெரும்பாலும் லீஜியோனெல்லா, காக்சியெல்லா போல விலங்குச் செல்லுக்குள் நுழைந்து பிழைக்கும் ஜாதியாக இருக்கும்.

இது வெறும் ஒற்றுமையா, உண்மையிலேயே வேலை செய்கிறதா? 2014-இல் இதற்குச் சோதனை செய்தார்கள். கூட்டுயிரியை வளர்க்க முடியவில்லை. பஞ்சுச் செல்லையும் ஆய்வகத்தில் நெடுநாள் வைத்திருப்பது கடினம். எனவே சிம்பாஸ்டெலாவில் இருக்கும் வளர்க்கமுடியாத ஒரு காமாப்ரோட்டியோபாக்டீரியத்தின் ஆங்கைரின் ஜீன்களை ஈ.கோலைக்குள் வைத்து, அந்த ஈ.கோலையை அகாந்தமீபா என்ற அமீபாவுக்குத் தீனியாகக் கொடுத்தார்கள். சாதாரண ஈ.கோலை செரிந்துபோயிற்று. ஆங்கைரின் சுமந்தவை விழுங்கப்பட்டன, ஆனால் விழுங்குபைக்குள்ளேயே குவிந்து தங்கின. பை முதிர்ந்து செரிமான நிலைக்குப் போகவில்லை.

இந்த முடிவை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதில் கவனம் வேண்டும். அமீபா பஞ்சுச் செல் இல்லை. ஈ.கோலையில் ஜீனை நாம் வலுக்கட்டாயமாக மிகையாக இயக்குகிறோம். "இந்தப் புரதத்தால் விழுங்குபையைத் தடுக்க முடியும்" என்பது வரை நிரூபணம். "பஞ்சுக்குள் இதைத்தான் செய்கிறது" என்பது நல்ல ஊகம், அவ்வளவே.

2019-இல் கதைக்கு இன்னொரு திருப்பம். பஞ்சுகளில் உள்ள பாக்டீரியா வைரஸ்களை வரிசைப்படுத்தியபோது சில வைரஸ்களே ஆங்கைரின் ஜீனைச் சுமந்து திரிவது தெரிந்தது. ஆங்கிஃபேஜ் என்று பெயர் வைத்தார்கள். அந்த வைரஸ் புரதத்தை ஈ.கோலையில் இயக்கி எலியின் மேக்ரோஃபேஜ் செல்களோடு (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) சேர்த்தால், அழற்சிச் சமிக்ஞைகள் குறைகின்றன, விழுங்கலும் குறைகிறது. வைரஸுக்கு இதில் லாபம் வெளிப்படை: தான் தங்கியிருக்கும் பாக்டீரியாவைப் பஞ்சு தின்றால் வைரஸும் சேர்ந்து அழியும். உறவே இல்லாத பாக்டீரியா குடும்பங்களில் ஒரே மாதிரிப் புரதங்கள் எப்படி வந்தன என்ற கேள்விக்கு, சுமந்து செல்லும் வாகனம் ஒன்றையாவது இது காட்டிவிட்டது.

இழப்பின் கணக்கு

இழப்புக்கு நன்றாக அலசப்பட்ட உதாரணம் சினெகோகாக்கஸ் ஸ்பாஞ்சியாரம் என்ற சயனோபாக்டீரியம். வெயில் படும் ஆழத்தில் வளரும் பல பஞ்சுகளில் இது உண்டு. செங்கடலின் கார்ட்டீரியோஸ்பாஞ்சியா ஃபோலியாசென்ஸ் பஞ்சிலிருந்து 2014-இல் தொகுத்த ஜீனோம் 16.6 லட்சம் கார இணை (டி.என்.ஏ. நீளத்தின் அலகு). முழுமை 90 சதவீதம் என்று மதிப்பீடு. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும்: 16.6-ஐ 0.9-ஆல் வகுத்தால் உண்மையான அளவு 18.4 லட்சம் என்று வருகிறது. திறந்த கடலில் வாழும் உறவினரான டபிள்யூ.எச். 8102 திரிபுக்கு 24.3 லட்சம். சுருக்கம் உண்மைதான், தொகுத்த அளவை மட்டும் பார்ப்பவர் நினைக்கும் அளவுக்கு இல்லை.

போனவை எவை என்று பார்த்தால் படம் தெளிவாகிறது. மெத்தியோனின், பாலிஅமீன் தயாரிக்கும் வழிகள் இல்லை. ஒளிச்சேர்க்கை அமைப்பைத் தாங்கும் சிறு பெப்டைடுகளில் சில இல்லை. ஆக்சிஜன் நச்சை முறிக்கும் நொதிகளிலும் டி.என்.ஏ. பழுதுபார்க்கும் நொதிகளிலும் சில இல்லை. இவற்றில் பெரும்பாலானவை கொளுத்தும் ஒளியில் மிதக்கும் செல்லுக்குத் தேவை. பஞ்சின் திசு நிழலில் அந்த அளவுக்குத் தேவைப்படாது. தேவையில்லாத ஜீன் பிறழ்வால் கெட்டுப்போனால் தேர்வு அதைக் காப்பாற்றாது, அவ்வளவுதான் நடந்தது. ஒளிச்சேர்க்கையும் சிட்ரிக் அமிலச் சுழற்சியும் பத்திரமாக இருக்கின்றன.

செல்லின் வெளி உறையைக் கட்டும் பாலிசாக்கரைடு ஜீன்கள் போனது வேறு ரகம். இதே இனத்தின் வேறு ஜீனோம்களை ஒப்பிட்ட 2015 ஆய்வில் ஓ-ஆன்டிஜன் தயாரிக்கும் ஜீன்களும் காணோம். ஓ-ஆன்டிஜன் என்பது வெளிச்சவ்வில் துருத்தி நிற்கும் சர்க்கரைச் சங்கிலி. பஞ்சு தன் உணவை அடையாளம் காண அதைப் பிடித்துக்கொள்ளலாம்; பல வைரஸ்களும் அதில்தான் வந்து ஒட்டும். ஆக, அதை இழப்பது ஒரே வெட்டில் மேலே சொன்ன இரண்டு நெருக்கடிக்கும் பதிலாகலாம். இழந்த ஜீன் எல்லாவற்றையும் சோம்பலால் போனது என்று ஒரே கூடையில் போடக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

மறுபக்கம், சுருங்காதவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானின் தியோனெல்லா ஸ்வின்ஹோய் பஞ்சில் வாழும் என்டோதியோனெல்லாவின் ஜீனோம் 90 லட்சம் கார இணைக்கும் மேல். அந்தப் பஞ்சிலிருந்து எடுக்கப்படும் பாலிகீட்டைடு, பெப்டைடு நச்சுப் பொருள்களில் கிட்டத்தட்ட எல்லாமே இந்த ஒரே பாக்டீரியாவின் கைவண்ணம் என்று 2014-இல் காட்டினார்கள். ஆயுதக் கிடங்கு வைத்திருப்பவருக்கு இடம் வேண்டும்தானே. பாக்டீரியா இல்லையென்றாலும் ஆர்க்கியா (பாக்டீரியா போலத் தோன்றும் வேறொரு நுண்ணுயிர் வகை) ஒன்றையும் சொல்லிவிடலாம்: கலிஃபோர்னியக் கடற்கரைப் பஞ்சில் வாழும் செனார்க்கியம் சிம்பியோசம் 20.5 லட்சம் கார இணை கொண்டது. திறந்த வெளியில் வாழும் அதன் உறவினர் நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ் 16.5 லட்சம்தான். குடியேறியவருக்கே பெரிய ஜீனோம்.

வைரஸ் பக்கம்

ஒரு மில்லி கடல்நீரில் சுமார் ஒரு கோடி வைரஸ். அதை ஆயிரக்கணக்கான லிட்டர் கணக்கில் உடலுக்குள் ஓடவிடும் விலங்குக்குள் வாழ்வதென்றால் காவல் பலமாகத்தான் இருக்கவேண்டும். கிரிஸ்பர் வரிசைகள் (முன்பு தாக்கிய வைரஸ்களின் டி.என்.ஏ. துண்டுகளை நினைவில் வைக்கும் அமைப்பு), வெளி டி.என்.ஏ.வை வெட்டும் ரெஸ்ட்ரிக்ஷன் நொதியும் சொந்த டி.என்.ஏ.வைக் காக்க மெத்தில் ஏற்றும் நொதியும் சேர்ந்த ஜோடிகள், நச்சு-முறிப்பான் ஜோடிகள் ஆகியவை கூட்டுயிரிகளில் கடல்நீர் பாக்டீரியாவைவிடத் தெளிவாக அதிகம். ஜீனோமுக்குள் இடம் மாறிக் குதிக்கும் ஜீன்களை நகர்த்தும் ட்ரான்ஸ்போசேஸ் நொதியின் ஜீன்களும் அப்படியே. குதிக்கும் ஜீன்கள் ஏன் பெருகுகின்றன என்பதற்கு இரண்டு விளக்கம் உண்டு: சிறிய, அடைபட்ட தொகையில் தேர்வின் பிடி தளர்ந்து குப்பை சேர்கிறது என்பது ஒன்று, அடர்ந்த கூட்டத்தில் ஜீன் பரிமாற்றம் சூடாக நடப்பதன் தடயம் என்பது மற்றது. இரண்டும் ஒரே ஜீனோமில் நடக்கலாம். ட்ரான்ஸ்போசேஸ் எண்ணிக்கையை மட்டும் வைத்து எது என்று சொல்லவே முடியாது. அவை உடைத்த ஜீன்கள் எத்தனை, அவற்றோடு சேர்ந்து வந்த புதிய ஜீன்கள் எத்தனை என்று எண்ணவேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஐயாந்தெல்லா பாஸ்டா பஞ்சின் ஒரு கூட்டுயிரி, பஞ்சுத் திசுவில் நிறைந்திருக்கும் டாரின் என்ற கந்தகம் கொண்ட சேர்மத்தை இழுத்துச் சிதைத்து, கார்பனையும் நைட்ரஜனையும் எடுத்துக்கொண்டு, மிஞ்சும் சல்ஃபைட்டைச் சல்ஃபேட்டாக்கி வெளியே தள்ளுகிறது. ஆம்ஃபிமெடான் குவீன்ஸ்லாண்டிகாவில் திசை தலைகீழ்: கூட்டுயிரி ஆர்ஜினின் தயாரித்துக் கொடுக்க, பஞ்சின் நீந்தும் லார்வா அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கி, பாறையில் ஒட்டிக்கொள்வதற்கான சமிக்ஞையாகப் பயன்படுத்துகிறது. நடு அடுக்கின் சர்க்கரைப் பிசினை அறுக்கும் நொதிகளும் பல கூட்டுயிரிகளில் கொத்தாகக் கிடைக்கின்றன.

இதையெல்லாம் கண்டுபிடிப்பதில் எங்கே சறுக்கும்

இந்தத் துறையில் தவறான முடிவுகள் பெரும்பாலும் கணினியில் தொடங்குவதில்லை, மையவிலக்கியில்தான் தொடங்குகின்றன.

திசுவை 0.2 மைக்ரான் வடிகட்டிய கடல்நீரில் பலமுறை அலசவேண்டும்; கால்வாய்களுக்குள் நிற்கும் நீரில் உணவாக வந்த பாக்டீரியாவும் இருக்கும். பிறகு சிறு துண்டுகளாக்கி, கால்சியமும் மக்னீசியமும் இல்லாத செயற்கைக் கடல்நீரில் ஊறவைத்தால் பஞ்சுச் செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். அந்தக் கலவையை 40 மைக்ரான் வலையில் ஊற்றி, மையவிலக்கியில் 400 ஜி (புவியீர்ப்பின் 400 மடங்கு) அளவில் ஐந்து பத்து நிமிடம் சுற்றினால் பஞ்சுச் செல்கள் அடியில் போகும். மேல்நீரை எடுத்து 4000 - 5000 ஜி அளவில் 20 நிமிடம் சுற்றினால் பாக்டீரியா வீழ்படிவு. வீழ்படிவின் நிறமும் வழவழப்பும் குறையும்வரை இந்த இரண்டு படிகளையும் திரும்பச் செய்யலாம்.

இதில் மூன்று பொறிகள். ஒன்று, முன்பே உறைய வைத்த திசு: செல்கள் வெடித்து பஞ்சின் டி.என்.ஏ. எல்லாம் வெளியே கொட்டியிருக்கும். இரண்டு, அதை அழிக்க டி.என்.ஏஸ் நொதி போடுகிறோம், வேலை செய்வதில்லை. காரணம் எளிது: நொதிக்கு மக்னீசியம் வேண்டும், நாமோ மக்னீசியத்தை நீக்கி, போதாததற்கு உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் ஈ.டி.டி.ஏ.வும் சேர்த்த நீரில் வைத்திருக்கிறோம். வீழ்படிவை ஈ.டி.டி.ஏ. இல்லாத கரைசலில் கழுவி, 5 - 10 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு சேர்த்து நொதியைப் போடவேண்டும். வேலை முடிந்த பிறகே ஈ.டி.டி.ஏ. விட்டு நிறுத்தவேண்டும். மூன்று, என்டோதியோனெல்லா மாதிரி பெரிய இழைகள் முதல் சுழற்சியிலேயே பஞ்சுச் செல்களோடு அடியில் போய்விடும். செல்லுக்குள் வாழ்பவையும் அப்படித்தான். முதல் வீழ்படிவைக் கொட்டிவிட்டு "அந்த பாக்டீரியா இந்தப் பஞ்சில் இல்லை" என்று எழுதுவது எளிது.

அப்லிசினா போன்றவை காற்றுப்பட்டதும் கறுத்துவிடும். புரோமின் சேர்ந்த சேர்மங்களும் பிசினும் டி.என்.ஏ.வோடு ஒட்டிவந்து பி.சி.ஆரையும் நூலகத் தயாரிப்பையும் (வரிசைப்படுத்த டி.என்.ஏ.வைத் தயார்செய்வதையும்) கெடுக்கும். டி.என்.ஏ.வின் தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8-க்குக் கீழே கிடந்தால், பிசினை நீக்கும் சி.டி.ஏ.பி. முறையில் மறுபடி சுத்தம் செய்யவேண்டும். அதே இடத்தில் இரண்டு மூன்று லிட்டர் கடல்நீரையும் வடிகட்டி வைத்துக்கொள்ளவேண்டும். அந்த ஒப்பீடு இல்லாமல், வழிப்போக்கரையும் குடியிருப்பவரையும் பிரிக்க வழியில்லை.

அசெம்பிளி கட்டத்தில், அதாவது வரிசைப்படுத்திய டி.என்.ஏ. துண்டுகளை (வாசிப்புகளை) கணினியில் ஒட்டவைக்கும்போது, சிறு வாசிப்புகளை மட்டும் நம்பினால், நமக்கு மிகவும் வேண்டிய ஜீன்களே முதலில் தொலையும். ஆங்கைரின் மடிப்புகள் ஒன்றுபோல இருப்பதால் பன்னிரண்டு மடிப்பு மூன்றாகச் சுருங்கும். ட்ரான்ஸ்போசேஸ் இருக்கும் இடத்தில் கான்டிக் (ஒட்டிக் கிடைத்த நீண்ட துண்டு) அறுந்துபோகும். நீண்ட வாசிப்பு சேர்த்தால் பெருமளவு சரியாகும். பின்னிங் செய்யும்போது, அதாவது எந்தக் கான்டிக் எந்த இனத்துடையது என்று குழுக்களாகப் பிரிக்கும்போது, அண்மையில் வெளியிலிருந்து வந்த ஜீன் தீவுகள் கார விகிதத்தில் வேறுபடுவதால் தங்கள் குழுவுக்கு வெளியே விழும். 2017-இல் வகுத்த தரத்தின்படி 90 சதவீத முழுமைக்கு மேல், 5 சதவீதக் கலப்புக்குக் கீழ், மூன்று ரைபோசோம் ஆர்.என்.ஏ.வும், குறைந்தது 18 டி.ஆர்.என்.ஏ.வும் இருந்தால்தான் உயர்தரம். அதிலும் பத்தில் ஒரு ஜீன் காணாமல் இருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது.

ஆகவே "இந்த ஜீனை இழந்துவிட்டது" என்று எழுதுமுன், ஒரே இனத்தின் பல ஜீனோம்களைப் பார்க்கவேண்டும். 90 சதவீத முழுமையுள்ள ஐந்து ஜீனோம்களிலும் ஒரே ஜீன் தற்செயலாக விடுபட லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். ஆனால் விடுபடுவது எப்போதும் தற்செயல் இல்லை, மேலே சொன்ன காரணங்களால் ஒரே வகை ஜீன் ஐந்திலும் விடுபடும். நான் நம்பும் சாட்சி வேறு: சுதந்திர உறவினரில் அந்த ஜீனுக்கு இடமும் வலமும் இருக்கும் ஜீன்கள், கூட்டுயிரியில் ஒரே கான்டிக்கில் அடுத்தடுத்து ஒட்டி நிற்கின்றனவா? நின்றால் இழப்பு உறுதி. கான்டிக் அங்கேயே அறுந்திருந்தால் வாயைத் திறக்கக்கூடாது.

வரவுக்கும் இதே கண்டிப்பு. பஞ்சின் சொந்த ஜீனோமிலேயே ஆங்கைரின் கொட்டிக் கிடக்கிறது. ஒரு கான்டிக்கில் ஆங்கைரின் மட்டும் தனியாக இருந்தால் அது பஞ்சுடையதாகவே இருக்கலாம். இருபுறமும் பாக்டீரியா ஜீன்கள் வேண்டும், நடுவில் இன்ட்ரான் (விலங்கு ஜீன்களில் வழக்கமாக இருக்கும் இடைத்துண்டு) இருக்கக்கூடாது. எண்ணிக்கையை ஜீனோம் அளவால் வகுத்தபிறகே ஒப்பிடவேண்டும். புரதம் வெளியே போவதற்கான சமிக்ஞைத் துண்டோ சுரப்பு அமைப்போ இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பாக்டீரியாவின் செல்லுக்குள்ளேயே கிடக்கும் ஆங்கைரின் பஞ்சை ஒன்றும் செய்யாது.

கடைசியாக, ஜீன் உண்மையிலேயே இயங்குகிறதா என்று ஆர்.என்.ஏ.வைப் பார்க்கும்போது, விலங்குத் திசுவுக்கு வழக்கமான பாலி-ஏ பிடிப்பு முறையைக் (தூது ஆர்.என்.ஏ.வின் நீண்ட 'ஏ' வாலைப் பிடித்துப் பிரிக்கும் முறையை) கையாண்டால் கிடைப்பது பெரும்பாலும் பஞ்சின் ஆர்.என்.ஏ. மட்டும்தான்; பாக்டீரியாவின் தூது ஆர்.என்.ஏ.வில் அந்த நீண்ட வால் கிடையாது. பஞ்சு, பாக்டீரியா இரண்டின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வையும் நீக்கும் முறையில் நூலகம் செய்யவேண்டும். திசுவையும் கடலிலிருந்து எடுத்த சில நிமிடங்களுக்குள் ஆர்.என்.ஏ. காக்கும் கரைசலில் போட்டுவிடவேண்டும். இந்த இரண்டும் சரியாக நடந்தால்தான் ஆங்கைரின் ஜீன் பஞ்சுக்குள் இயங்குவதைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.